இசட் வராத நாளில்: பன்னிரண்டு வரிக் கட்டளைக்கோப்பு ஒன்றின் திறனாய்வு



திறனாய்வு என்றாலே கவிதை, நாவல், நாடகம் என்றுதான் நமக்கு ஞாபகம் வரும். இம்முறை நான் எடுத்துக்கொண்ட பனுவல் பன்னிரண்டே வரி. எழுதியவர் பெயர் இல்லை, தேதியும் இல்லை. பென்டிரைவிலிருந்து பென்டிரைவுக்குக் கைமாறி வரும் சரக்கு இது. ஈப்போ நகரத்துப் பள்ளியானாலும் சரி, தோட்டம் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிய பிறகும் தோட்டப் பெயரை மட்டும் விடாமல் தாங்கி நிற்கும் பள்ளியானாலும் சரி, கணினிக்கூடத்தைக் கவனித்துக்கொள்ளும் ஆசிரியராக நீங்கள் இருந்தால் இதன் ஏதாவது ஒரு வடிவத்தைப் பார்த்திருப்பீர்கள். மேசைத்திரையின் மூலையில் பல்சக்கரப் படத்தோடு உட்கார்ந்திருக்கும். காலையில் கணினியைத் திறந்ததும் அதை இருமுறை சொடுக்கச் சொல்லியிருப்பார்கள்.

இதற்கெல்லாம் திறனாய்வா என்று சிரிக்காதீர்கள். மோசமான நாவலைப் படித்தால் ஒரு மாலைப்பொழுது வீண், அவ்வளவுதான். இந்தப் பன்னிரண்டு வரி மோசமாக இருந்தால் ஒரு மாணவி மூன்று மாதம் உட்கார்ந்து செய்த திட்டப்பணி, சமர்ப்பிக்கும் வாரத்தில் காணாமல் போகும். நாம் அவளிடம், "பென்டிரைவில் ஒரு காப்பி வெச்சிருக்கக் கூடாதாம்மா?" என்று கேட்போம். தவறு அவளுடையது என்று அவளே நம்பிவிடுவாள். அதனால்தான் வரிவரியாகப் படிக்கச் சொல்கிறேன்.

பனுவலை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் வரி, திரையில் எதையும் காட்டாதே என்கிறது. இரண்டாவது, பழைய நெட்வொர்க் இணைப்புகளை எல்லாம் அறுத்துவிடுகிறது. மூன்று, நான்கு, ஐந்தாம் வரிகள் 'நெட் யூஸ்' என்ற கட்டளையால் சர்வரில் உள்ள மூன்று கோப்புறைகளை மூன்று டிரைவ்களாக மாட்டுகின்றன: இசட் மாணவர்களுக்கு, ஒய் ஆசிரியர்களுக்கு, எக்ஸ் கேள்வி வங்கிக்கு. ஆறாவது வரி, இசட்டுக்குப் போ. ஏழாவது, அங்கே 'டெம்ப்' என்ற கோப்புறைக்குள் நுழை. எட்டாவது, இப்போது நிற்கும் இடத்தில் உள்ள கோப்புகள் அனைத்தையும், உட்கோப்புறைகளில் இருப்பவற்றையும் சேர்த்து, கேட்காமல் அழி. ஒன்பதாவது, விண்டோஸின் தற்காலிகக் கோப்புகளை அழி. பத்தாவது, சி டிரைவை டிஃப்ராக் செய். பதினொன்றாவது, 'டாக்குமெண்ட்ஸ்' கோப்புறையை இ டிரைவில் அச்சு அசலாகப் பிரதி எடு. பன்னிரண்டாவது, வெளியேறு. ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு சின்ன வால் உண்டு: பிழைச் செய்தி உட்பட எது வந்தாலும் 'நல்' என்ற ஒன்றுமில்லாத இடத்துக்கு அனுப்பிவிடு.

நல்லதை முதலில் சொல்ல வேண்டும். முப்பத்தைந்து கணினி உள்ள கூடத்தில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம் என்றால் எழுபது நிமிடம். இரண்டு பாடவேளை போய்விடும். அதை ஒரு சொடுக்கில் அடக்கியிருக்கிறார் இந்த ஆசிரியர். இன்னொன்று, இரண்டாவது வரி. புதிதாக மாட்டுவதற்கு முன் பழையதைக் கழற்றுகிறார் பாருங்கள், அது அனுபவம் உள்ளவர் கை. பழைய இசட் அப்படியே இருந்தால் விண்டோஸ் 85 என்ற பிழை எண்ணைக் காட்டி, அந்தப் பெயர் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று மறுத்துவிடும். ஒரே சர்வரோடு இரண்டு வேறு பயனர் பெயர்களில் பேச முயன்றால் 1219 என்ற பிழை. இரண்டையும் இந்த ஒரு வரி தவிர்க்கிறது. எழுத்துத் தேர்விலும் ஒரு காரணம் இருக்கிறது. பென்டிரைவ் செருகினால் விண்டோஸ் டி, இ, எஃப் என்று கீழிருந்து மேலே எழுத்துகளைக் கொடுத்துக்கொண்டு போகும். நெட்வொர்க் டிரைவை இசட்டிலிருந்து பின்னோக்கி வைத்தால் இரண்டும் மோதிக்கொள்ளாது. ஏ, பி இரண்டும் நெகிழ்வட்டுக் காலத்துப் பட்டா. அதனால்தான் வன்தட்டு இன்றுவரை சி-யில் தொடங்குகிறது.

ஆக, எழுதியவர் அறியாதவர் இல்லை. அப்படியானால் கோளாறு எங்கே?

மாணவர்களே, கணினி அறிவியல் பாடத்தில் கட்டுப்பாட்டு அமைப்பு மூன்று என்று படித்திருப்பீர்கள்: வரிசைமுறை, தெரிவு, மறுசெயல். இந்தப் பனுவலை அந்தக் கண்ணோடு பாருங்கள். பன்னிரண்டு வரியும் வரிசைமுறைதான். 'இப்படி நடந்தால்' என்று தொடங்கும் ஒரு வரி இல்லை. முந்தைய வரி நடந்ததா என்று எந்த வரியும் திரும்பிப் பார்ப்பதில்லை. தொடரியல் பிழை ஒன்றுகூட இல்லாததால் சோதித்துப் பார்க்கும் நாளில் எல்லாம் சரியாக ஓடும். உள்ளே இருப்பது தருக்கப் பிழை. சர்வர் இருக்கும் நாளில் அது தூங்கும். சர்வர் இல்லாத நாளில் எழுந்துகொள்ளும்.

அந்த நாளை நடத்திப் பார்ப்போம். மாலை இடிமழைக்குப் பெயர் போனது கிந்தா பள்ளத்தாக்கு. நேற்று இடி இடித்து மின்சாரம் துண்டித்தது, சர்வர் அணைந்தது, யாரும் திரும்பப் போடவில்லை. காலையில் மாணவி கணினியைத் திறந்து கோப்பைச் சொடுக்குகிறாள். மூன்றாம் வரி தோற்கிறது. 53, அதாவது நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை. அந்தச் செய்தி 'நல்'லுக்குப் போய்விட்டது. ஆறாம் வரி, இசட்டுக்குப் போ. இசட் இல்லை, எனவே எங்கேயும் போகவில்லை. கோப்பு மேசைத்திரையில் இருந்து சொடுக்கப்பட்டதால் கட்டளை நிற்கும் இடம் மேசைத்திரைதான். ஏழாம் வரி, 'டெம்ப்'புக்குள் நுழை. சி டிரைவில் அப்படி ஒரு கோப்புறை இல்லாவிட்டால் அதுவும் தோற்கும். இன்னும் மேசைத்திரையில்தான் நிற்கிறோம். எட்டாம் வரி தோற்காது. நிற்கும் இடத்தில் உள்ளதை எல்லாம் அழிக்கும். கட்டளை வழியாக அழித்தவை குப்பைத்தொட்டிக்குப் போவதில்லை, நேரே போய்விடும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு, வேடிக்கை என்று சொல்ல மனம் வரவில்லை என்றாலும். அழிக்கப்பட்டவற்றில் அந்தக் கட்டளைக்கோப்பும் ஒன்று. அதுவும் மேசைத்திரையில்தானே இருந்தது! கோப்பைக் காணவில்லை என்று விண்டோஸ் ஒரு வரி முணுமுணுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளும். ஆசிரியர் வந்து பார்க்கும்போது மாணவியின் கோப்பும் இருக்காது, அதை அழித்த கோப்பும் இருக்காது. "என்னம்மா செஞ்சே?" என்ற கேள்விதான் மிச்சம்.

கோப்பை நிர்வாகி உரிமையோடு இயக்கியிருந்தாலோ, தொடங்கும் இடம் மேசைத்திரை அல்ல, விண்டோஸின் 'சிஸ்டம்32' கோப்புறை. அங்கே அழிப்பது என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

நம் பள்ளிகளில் மட்டும் நடக்கும் கைத்தவறு என்று நினைத்துவிடாதீர்கள். 2015 ஜனவரியில் ஸ்டீம் என்ற கணினி விளையாட்டு நிறுவல் மென்பொருளின் லினக்ஸ் பதிப்பில் இதே குடும்பத்துப் பிழை வெளிப்பட்டது. தன் கோப்புறை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வரி தோற்று வெறுமையைத் திருப்பித் தந்தது. அடுத்து வந்த அழிப்பு வரி அந்த வெறுமையோடு சேர்ந்து, கணினியின் அடிவேரிலிருந்து அழி என்ற பொருளைப் பெற்றுவிட்டது. பயனர்களின் சொந்தக் கோப்புகள் போயின. அந்த இடத்தில் எழுதியவரே 'பயமாக இருக்கிறது' என்ற பொருளில் ஒரு குறிப்பு விட்டிருந்தார் என்பதுதான் எனக்கு மறக்க முடியாத விஷயம். பயம் இருந்தது, நிபந்தனை வரி இல்லை.

நம் நன்னூல் ஒரு நூலுக்கு வரக்கூடிய குற்றங்கள் பத்து என்று கணக்குச் சொல்லி வைத்திருக்கிறது. தமிழ் மாணவர்கள் மனப்பாடமாக ஒப்புவிப்பார்கள். அதில் முதலாவதான குன்றக் கூறல்தான் இங்கே மூலக் குற்றம். சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்வது. ஏழாம் வரிக்கும் எட்டாம் வரிக்கும் நடுவில் ஒன்று விடுபட்டுள்ளது: 'நுழைய முடியாவிட்டால் இத்தோடு நிறுத்து.' ஏழாம் வரியின் கடைசியில் இரண்டு செங்குத்துக் கோடும் வெளியேறும் கட்டளையும் சேர்த்தால் போதும். பத்துப் பதினைந்து எழுத்து.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை வேறு மாதிரியும் சொல்லலாம். விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆள் பெயர் கூப்பிடுவார்கள். பெயர் கூப்பிட்டு, பதில் வந்து, அதன்பின்தான் யாருக்கு எந்த நிரை என்று பிரிப்பது. ஒருவர் வரவில்லை என்றால் கங்காணி பேசாமல் அடுத்த வேலைக்குப் போய்விடுவாரா? "ஏன் வரல, வீட்டுல யாரு இருக்கா?" என்று விசாரிப்பு தொடங்கிவிடும். அந்த நிரைக்கு வேறு ஆள் போவார், இல்லை அன்று அந்த மரங்களுக்கு வெட்டு இல்லை. காலையில் கணினி திறந்ததும் ஓடும் கோப்பும் ஒரு பெரட்டுதான். நம் கோப்பு பெயரைக் கூப்பிடுகிறது. பதில் வருகிறதா என்று கேட்காமலேயே நிரையைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது.

சர்வர் விழுந்தால்தான் இசட் வராது என்றும் இல்லை. சர்வர் நன்றாக ஓடும் நாளிலும் வராமல் போகும் காரணங்கள் உண்டு. ஆசிரியர்கள் இவற்றைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

எக்ஸ்பி காலத்திலிருந்தே விண்டோஸ் ஒரு தந்திரம் செய்கிறது. நெட்வொர்க் தயாராகும்வரை காத்திருக்காமல் மேசைத்திரையைக் காட்டிவிடும். பயனருக்கு வேகம் போல் தெரியும். உள்ளே நெட்வொர்க் இன்னும் எழுந்திருக்காது. வைஃபை என்றால் இன்னும் தாமதம். அந்த இடைவெளியில் 'நெட் யூஸ்' ஓடினால் தோற்கும். இரண்டு நிமிடம் கழித்துச் சொடுக்கினால் வேலை செய்யும். "சார், என் கம்ப்யூட்டர்ல இசட் இருக்கு, அவன் கம்ப்யூட்டர்ல இல்ல" என்ற புகாருக்குப் பாதி காரணம் இதுவே. தொடக்கத்தில் நெட்வொர்க்குக்காகக் காத்திரு என்று சொல்லும் ஒரு கொள்கை அமைப்பு விண்டோஸில் இருக்கிறது. அதைப் போட்டுவிடலாம். அல்லது கட்டளைக்கோப்பே மூன்று தடவை முயலட்டும்.

இன்னொரு காரணம், நிர்வாகி உரிமை. விஸ்தாவுக்குப் பிறகு, நிர்வாகியாக இயக்கும்போது மாட்டிய டிரைவ் சாதாரணப் பயனரின் கண்ணுக்குத் தெரியாது. ஒரே ஆள், ஒரே கணினி. ஆனாலும் விண்டோஸுக்கு அவை இரண்டு வேறு அமர்வுகள். கட்டளை வெற்றி என்று சொல்லும், கோப்புலாவியில் இசட் இருக்காது. இதற்காக மணிக்கணக்கில் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். டிரைவை மாட்டும் வேலை பயனர் உரிமையில், பராமரிப்பு வேலை நிர்வாகி உரிமையில் என்று கோப்பை இரண்டாகப் பிரிப்பதே வழி. நம் பனுவலில் இரண்டும் ஒரே கோப்பில் கிடக்கின்றன. எந்த உரிமையில் இயக்கினாலும் பாதி தவறு.

மூன்றாவது, தாய்ப்பலகையில் இருக்கும் காசு அளவு மின்கலம், சிஆர் 2032. அது செத்தால் கணினி தேதியை மறந்துவிடும். டொமைன் முறையில் இயங்கும் கூடத்தில் கணினிக்கும் சர்வருக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் நேர வேறுபாடு இருந்தால் அடையாளச் சரிபார்ப்பே மறுக்கப்படும். நீண்ட விடுமுறை முடிந்து முதல் நாள் சில கணினிகள் மட்டும் முரண்டு பிடித்தால் மூலையில் இருக்கும் கடிகாரத்தைப் பாருங்கள். சில ரிங்கிட் செலவில் தீரும் விஷயம்.

நான்காவது கொஞ்சம் பெரிய விஷயம். பள்ளி சர்வர் என்று நாம் சொல்வது பல இடங்களில் ஒரு பழைய சேமிப்புப் பெட்டி. அது பேசுவது எஸ்எம்பி என்ற நெறிமுறையின் முதல் பதிப்பாக இருக்கலாம். 2017 மே 12-இல் உலகெங்கும் பரவிய வன்னாகிரை நச்சுநிரல் நுழைந்தது அந்த முதல் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான். மைக்ரோசாஃப்ட் அதற்கான திருத்தத்தை மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது, போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அதே ஆண்டு இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து முதல் பதிப்பு தானாக நிறுவப்படுவதில்லை. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு இன்னும் கறாரானது. கடவுச்சொல் இல்லாமல் 'விருந்தினர்' என்று உள்ளே விடும் பகிர்வை அதன் புரோ பதிப்பு இயல்பாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததால் கணினிகள் மாறுகின்றன. மாறியதும் இசட் வரவில்லை என்கிறார்கள். அதற்கு இணையத்தில் கிடைக்கும் முதல் அறிவுரை, பழைய பதிப்பை மறுபடி இயக்கு என்பது. செய்யாதீர்கள். மாற்ற வேண்டியது பெட்டியை.

இனிப் பராமரிப்பு வரிகள். பத்தாவது வரியை நன்னூல் மொழியில் கூறியது கூறல் என்று தள்ளிவிடலாம். விஸ்தாவிலிருந்து விண்டோஸ் தானே வாரம் ஒருமுறை டிஃப்ராக் செய்கிறது. விண்டோஸ் 8-க்குப் பின் வந்தவை, தட்டு எஸ்எஸ்டி என்று தெரிந்தால் அதற்குத் தகுந்த வேறு வேலையைச் செய்கின்றன. தினமும் காலையில் இதை ஓட்டினால் வகுப்பு தொடங்கும் நேரத்தில் கணினி மூச்சு வாங்கும், வேறு பயன் இல்லை. ஒன்பதாவது வரியும் ஏறக்குறைய அப்படியே. விண்டோஸ் 10-இல் வந்த சேமிப்பு உணரி அதைச் செய்கிறது. இரவு இரண்டு மணிக்கு ஓடும்படி அட்டவணையில் போட்டிருப்பவர்களுக்கு ஒரு கேள்வி: அந்த நேரத்தில் உங்கள் கூடத்தின் பிரதான சுவிட்ச் யார் கையில்? பாதுகாவலர் சாயங்காலமே அணைத்துவிட்டுப் போயிருப்பார். தவறிய வேலையைக் கணினி திறந்ததும் செய் என்ற குறியை அட்டவணையில் போட்டிருந்தால், அது சரியாக உங்கள் முதல் பாடவேளையில் ஓடும்!

பதினொன்றாவது வரிக்கு வருவோம். எட்டாம் வரிக்கு அடுத்து நான் பயப்படுவது இதற்குத்தான், ஏனென்றால் இது காப்பு என்ற பெயரில் வருகிறது. 'ரோபோகாப்பி' என்ற கட்டளையைப் பிரதிபலிக்கும் முறையில் இயக்கினால், மூலத்தில் இல்லாதது எதுவும் இலக்கில் இருக்கக் கூடாது என்று பொருள். இ டிரைவ் என்பது ஆசிரியரின் காப்பு வன்தட்டு என்று எழுதியவர் நினைத்திருக்கிறார். ஆனால் எழுத்து நிரந்தரம் அல்ல. முதலில் செருகியவருக்கு முதல் எழுத்து. அன்றைக்கு இ-யாக வந்தது ஒரு மாணவனின் பென்டிரைவ் என்றால், அதில் இருந்தவை அழிக்கப்பட்டு ஆசிரியரின் 'டாக்குமெண்ட்ஸ்' அதில் ஏறும். மாணவன் வீட்டுக்கு எடுத்துச் செல்வது ஆசிரியரின் கோப்புகளை, ஒருவேளை அரையாண்டுத் தேர்வுத் தாளையும் சேர்த்து. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இதன் தலைகீழ் வடிவம் காத்திருக்கிறது. அங்கே டிரைவ் மாட்டப்படாவிட்டால் மாட்டும் இடம் வெற்றுக் கோப்புறையாக நிற்கும். மூலம் காலி என்று நம்பி, 'ஆர்சிங்க்' அழிப்பு விசையோடு ஓடினால் காப்பு முழுவதையும் காலி செய்துவிடும். ரப்பர் மரத்தில் பட்டையைத்தான் சீவணும், கத்தி மரத்தைத் தொடக் கூடாது என்பார்கள். தொட்டால் அந்த இடம் முடிச்சு முடிச்சாக ஆறும். மறுபடி அங்கே வெட்டு வைக்க முடியாது. காப்புக் கட்டளையில் அழிக்கும் விசையைச் சேர்ப்பது கத்தியை உள்ளே இறக்குவது. சேர்க்காமல் நகல் எடுத்தால் இடம் கொஞ்சம் கூடுதலாகப் போகும், போகட்டும்.

கடவுச்சொல்லைப் பற்றி நான் நீட்டப் போவதில்லை. மூன்று, நான்கு, ஐந்தாம் வரிகளில் அது பச்சையாக எழுதப்பட்டிருக்கிறது. கோப்பை வலச்சொடுக்கிட்டுத் 'திருத்து' என்று கொடுத்தால் ஐந்தாம் ஆண்டு மாணவன்கூடப் படித்துவிடுவான். அதில் எக்ஸ் டிரைவ், அதாவது கேள்வி வங்கியும் அடக்கம். மாணவர் கணினியில் எக்ஸ் ஏன் மாட்டப்பட வேண்டும் என்பதை எழுதியவரிடம் கேட்க முடிந்தால் கேட்டிருப்பேன். பெரிய நிறுவனங்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. விண்டோஸின் குழுக் கொள்கை வழியாகக் கடவுச்சொல்லை அனுப்பும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2014 மே மாதத்தில் ஒரு பாதுகாப்புத் திருத்தம் போட்டு எடுத்துவிட்டது. பூட்டிய பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். ஆனால் பெட்டியின் சாவி பொது ஆவணத்தில் அச்சாகியிருந்தது.

தமிழ்ப் பள்ளிக்கென்றே உள்ள சிக்கல்களை எந்த ஆங்கிலக் கையேடும் சொல்லாது; நாம்தான் பேசணும். கட்டளைக்கோப்பில் 'தேர்வுத்தாள்' என்று தமிழிலேயே கோப்புறைப் பெயரை எழுதினால், பழைய கட்டளைச் சாளரம் அதை வேறு குறியேற்றத்தில் படித்துக் குழப்பிவிடும். பாதை கிடைக்கவில்லை என்ற பிழை, அதுவும் 'நல்'லுக்கு. கோப்பின் தொடக்கத்தில் குறியேற்றப் பக்கத்தை 65001-க்கு மாற்றும் வரியைச் சேர்க்க வேண்டும். நீளக் கணக்கும் வேறு. விண்டோஸின் பழைய வரம்புப்படி ஒரு பாதை 260 எழுத்தலகுக்குள் அடங்க வேண்டும். 'தமிழ்' என்பது நமக்கு மூன்றெழுத்து, கணினிக்கு ஐந்து. மெய்ப்புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. கோப்புறைக்குள் கோப்புறையாக நீண்ட தமிழ்ப் பெயர்கள் வைக்கும் நமக்கு அந்த 260 சீக்கிரம் தீர்ந்துவிடும். பழைய நகல் கட்டளைகள் அங்கே தடுமாறலாம்.

எழுத்துரு கதையும் உண்டு. கணினியை மறுநிறுவல் செய்து சுத்தமாகத் தந்துவிட்டோம் என்று மகிழ்கிறார்கள். விண்டோஸ் 2000 முதல் உடன் வந்துகொண்டிருந்த லதா எழுத்துரு, விண்டோஸ் 10-இல் கூடுதல் தமிழ் எழுத்துருத் தொகுப்புக்குப் போய்விட்டது. அதை நிறுவாவிட்டால் வேறு எழுத்துரு அந்த இடத்தில் உட்காரும், எட்டுப் பக்கத் தேர்வுத்தாள் ஒன்பதாகும், படக் கேள்வியின் படம் அடுத்த பக்கத்துக்கு ஓடும். யுனிகோடுக்கு முந்தைய குறியேற்றத்தில் தட்டச்சிட்ட பழைய கோப்புகளின் நிலை இன்னும் மோசம். உரிய எழுத்துரு இல்லாமல் திறந்தால் வெறும் கிறுக்கல். நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலில் அடித்த பழைய கோப்புகள் பல பள்ளிகளில் இன்னும் இருக்கும். அதனால் பராமரிப்புப் பட்டியலில் தமிழ் எழுத்துரு இருக்கிறதா என்று பார்க்கும் வேலை கட்டாயம் இருக்க வேண்டும். நம் பன்னிரண்டு வரியில் அது இல்லை. தமிழ் என்ற நினைப்பே அதில் எங்கும் இல்லை.

இரண்டு மறுப்புரைகள் வரும் என்று தெரியும். ஒன்று, "கணினியை உறைய வைத்துவிட்டால் போதுமே சார்" என்பது. டீப் ஃப்ரீஸ் போன்ற மென்பொருள் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கணினியைப் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிடும். நச்சுநிரலுக்கு நல்ல மருந்து. ஆனால் இசட் வராத நாளில் மாணவர் எங்கே சேமிப்பார்? மேசைத்திரையில்தான். மறுநாள் காலை அது இருக்காது. எட்டாம் வரி எப்போதாவது செய்வதை இது தினமும் தவறாமல் செய்யும். உறையாத பகுதி ஒன்றை ஒதுக்கி வைக்கும் வசதி அதிலேயே இருக்கிறது. ஒதுக்கியிருக்கிறோமா என்பதே கேள்வி.

இரண்டாவது, "எல்லாம் மேகத்துக்குப் போயாச்சு, இன்னும் என்ன டிரைவ்?" இது கொஞ்சம் கனமான மறுப்பு. ஒன் பெஸ்தாரிநெட் திட்டம் 2019 ஜூன் 30-இல் முடிந்தது. கூகள் வகுப்பறை வந்தது. 2020 ஜூனிலிருந்து டெலிமா. முந்தைய மெய்நிகர் கற்றல் தளத்தின் பயன்பாடு 5 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை என்று 2013-ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை சுட்டிய நிலையிலிருந்து நாம் வெகுதூரம் வந்துவிட்டோம், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மேசைக் கணினியில் கூகள் டிரைவ் செயலியை நிறுவிப் பாருங்கள். அது வழக்கமாக ஜி என்ற எழுத்தில் ஒரு டிரைவாகத்தான் வந்து நிற்கும். பயனர் உள்நுழையாவிட்டால் ஜி இருக்காது. இசட்டுக்குப் பதில் ஜி. எட்டாம் வரிக்கு இரண்டும் ஒன்றுதான். செம்பனைக்கு நடுவே இணையம் வந்து வந்து போகும் பள்ளியில் இந்த 'இல்லாத' நிலை அடிக்கடி வரும்.

டொமைன் சர்வர் வைத்துக் குழுக் கொள்கையால் டிரைவை மாட்டுவது மேலான முறை. பயனர் யார், எந்தக் கூடம் என்று பார்த்துப் பிரித்துக் கொடுக்கும். ஆனால் 150 மாணவருக்கும் குறைவான பள்ளியில், பல பள்ளிகளுக்குப் பொதுவான ஒரே தொழில்நுட்பரை நம்பி, தமிழும் கணிதமும் நடத்திக்கொண்டே கணினிக்கூடத்தையும் பார்க்கும் ஆசிரியரிடம் போய் டொமைன் அமைக்கச் சொல்வது நியாயமில்லை. அவரிடம் இருப்பது இந்தப் பன்னிரண்டு வரி. அதைத் திருத்திக் கொடுப்பதுதான் நமக்கு முடிந்தது.

திருத்தம் இப்படி இருக்கலாம். மாட்டும் வேலை ஒரு கோப்பு, பராமரிப்பு வேறு கோப்பு. மாட்டும் கோப்பில் இசட் மட்டும். ஒய்யும் எக்ஸும் ஆசிரியர் கணினிக்கு. பத்து விநாடி இடைவெளியில் மூன்று முறை முயலட்டும், இதுதான் மறுசெயல். மூன்றாம் முறையும் வராவிட்டால் நிற்கட்டும்; இதுதான் தெரிவு. 'நல்' வாலை வெட்டிவிட்டு, செய்திகள் தேதியோடு ஒரு பதிவுக்கோப்பில் சேரட்டும். அழிக்கும் வரியில் எப்போதும் முழுப்பாதை. 'நிற்கும் இடத்தில்' என்ற சொல்லே வேண்டாம். காப்பு வன்தட்டை எழுத்தால் அடையாளம் காணாமல், அதில் மட்டும் இருக்கும் ஒரு சிறு கோப்பைத் தேடிப் பார்த்து, இருந்தால் மட்டும் நகலெடுக்கட்டும். மேலே எழுதியவர் பெயரும் மாற்றிய தேதியும்.

இசட் வராத நாளில் மாணவர் கண்ணெதிரே ஒரு பெட்டி திறந்து தமிழிலேயே சொல்லட்டும்: "இசட் இன்று வரவில்லை. உன் வேலையை மேசைத்திரையில் சேமிக்காதே. ஆசிரியரிடம் இப்போதே சொல்." பழைய கட்டளைச் சாளரத்தில் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரியலாம் என்பதால் இதைப் பவர்ஷெல் வழியாகத் தனிப் பெட்டியில் காட்டுங்கள். விண்டோஸுடன் வரும் 5.1 பதிப்பு என்றால் கோப்பைச் சேமிக்கும்போது, நோட்பேடின் குறியேற்றப் பட்டியலில் 'யுடிஎஃப்-8 வித் பிஓஎம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வெறும் யுடிஎஃப்-8 என்றால் அந்த மூன்று வாக்கியமும் கிறுக்கலாகத்தான் வரும்.